வாய்க்கால் ரோட்டில் வண்டியை ஓட்டியவர்

12 பிப்ரவரி 2025, புதன்

வக்கீல் ஈஸ்வரமூர்த்தி சொன்னதால் எழுதுகிறேன். நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைத்தால் கோர்ட்டில் முன்னுக்குப் பின் முரணாகப் பேச மாட்டோமாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இருபத்தாறு வருடமாகக் கோபியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள்.

நடந்தது இவ்வளவுதான். போன ஞாயிறு, 9ஆம் தேதி, மதியம் மூன்றரை மணிக்குத் தாட்சாயணி என்ற பெண்ணுக்கு வகுப்பு. வயது முப்பத்து நான்கு. எல்.எல்.ஆர். எடுத்துப் பதினோரு வகுப்பு முடித்தவள். வாய்க்கால் ரோட்டில் வண்டியை அவள் ஓட்டினாள். நான் இடது பக்க சீட்டில் இருந்தேன். எதிரே பால் கேனோடு சைக்கிளில் வந்த மாரப்பன் என்பவர் மீது மோதிவிட்டாள். அவருக்குத் தொடை எலும்பு முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை.

கூட்டம் கூடியது. போலீஸ் வந்தது. எஸ்.ஐ. ஒரு பெண், மதுரைப் பக்கத்துப் பேச்சு. ஓட்டியவளை விட்டுவிட்டு என்னிடம் மிஷினை நீட்டி ஊதச் சொன்னாள். 148 காட்டியதாம். முப்பதைத் தாண்டினாலே குற்றமாம். மச்சான் வீட்டுக் கிடா விருந்தில் மரியாதைக்காக இரண்டு சின்ன ரவுண்டு, அவ்வளவுதான். இந்த மிஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

13 பிப்ரவரி, வியாழன்

என் மனைவி வசந்தாமணி என்னோடு பேசவில்லை. தோசை மட்டும் வந்தது.

15 பிப்ரவரி, சனி

வக்கீலைப் பார்த்தேன். ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவது போல அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஈஸ்வரமூர்த்தி சிரித்தார். என்னைவிட எட்டு வயது சின்னவர், சிரிக்கிறார். குடித்துவிட்டு ஓட்டுவது கிரிமினல் கேஸ் என்றார். கோர்ட்டில் போய் அபராதம் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று அர்த்தம். ஒப்புக்கொண்டால் தண்டனை பெற்றவன் என்று பதிவாகிவிடும். ஆறு மாதம் வரை ஜெயில் போடலாம், அபராதம் போடலாம், இரண்டும் போடலாம். ஜெயில் போடாவிட்டாலும் அந்தப் பதிவு போகாது. என் லைசென்ஸை முடக்குவார்கள். ஸ்கூலின் லைசென்ஸை ஆர்.டி.ஓ. ஆபீஸ் தோண்டி எடுக்கும்.

அப்புறம்தான் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆனா அந்தச் செக்சன் வண்டி ஓட்டுனவனுக்குத்தாங்ண்ணா. நீங்க ஓட்டலைன்னா, குடிச்சது உங்க சொந்த விசயம். எஃப்.ஐ.ஆர்.ல டிரைவர்னு யார் பேரு இருக்குது? அந்தப் பொண்ணு பேரு. ஜனம் வந்து பாத்தப்ப ஸ்டியரிங்கு முன்னாடி யாரு இருந்தாங்க? அந்தப் பொண்ணு."

குடித்துவிட்டுப் பாடம் நடத்தியதற்குச் சின்னதாக ஏதாவது வரும், அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மோதிய வழக்கு முழுக்க அவள் தலையில். கற்றுக்கொள்கிறவள், பெண், பெரிதாக ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். நானும் அதைத்தான் சொன்னேன். அன்றைக்கே சொன்னேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

தாட்சாயணி பேச்சை மாற்றிவிட்டாள். சம்பவ இடத்தில் வாயைத் திறக்காதவள், மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், வண்டியை ஓட்டியது மாஸ்டர், மோதிய பிறகு என்னை இடம் மாறி உட்காரச் சொன்னார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். வக்கீல் நகல் வாங்கி வந்தார். ஒரு நாள் கழித்து வந்த ஞானோதயம் என்று நான் கேட்டுவிடுவேன், கவலைப்படாதீர்கள் என்றார்.

எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மில்லில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவளைக் கொண்டுவந்து காரில் உட்கார வைத்தால் இதுதான் பலன். பெண்கள் கல்லூரி ஒன்றில் வேன் ஓட்டும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்களாம், அதற்குத்தான் இவ்வளவு அவசரம். அந்த எஸ்.ஐ.யும் அவள் பக்கம். யார் ஓட்டியது என்று என்னிடம் மூன்று தடவை கேட்டாள். தாட்சாயணி ஓட்டியது போல ஆமை வேகத்தில் போயிருந்தால் அந்த ஆள் மீது மோதியே இருக்க முடியாது என்பதுகூட இவர்களுக்குப் புரியவில்லை.

மேலே உள்ள வரியை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. இந்த நோட்டை வக்கீலிடம் காட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

24 பிப்ரவரி, திங்கள்

நான்கு பேர் வகுப்பை நிறுத்திக்கொண்டார்கள். உடம்பு வலி. ஆறு மணிக்கு வெளியே போய்விட்டு வந்தேன்.

25 பிப்ரவரி, செவ்வாய்

உடம்பு வலி. வெளியே போய்விட்டு வந்தேன்.

3 மார்ச், திங்கள்

வக்கீல் வேண்டாம் என்று சொல்லியும் மாரப்பனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்க்காமல் இருந்தால் ஊர் ஒன்று பேசும். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன்.

காலைத் தூக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள். அறுபது வயதிருக்கும். மூன்று மாடு வைத்திருக்கிறார். இப்போது மாடுகளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துக்கொள்கிறாராம், பால் குறைந்துவிட்டதாம், வேற்றுக் கை பட்டால் கட்டைக் காம்பி என்கிற மாடு எத்துகிறதாம். கால் மணி நேரம் மாட்டைப் பற்றியே பேசினார். எந்த மாடு எத்துகிறது என்பது எனக்கு எதற்கு?

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் புள்ளையத் திட்டிப்போடாதீங்க மாஸ்டர். கத்துக்கறப்ப கை ஒதறத்தான் செய்யும். எனக்கு அவ மேல கோவமில்லீங்க. நீங்க பக்கத்துல இல்லாட்டி நான் செத்தே போயிருப்பேன்னு எல்லாரும் சொல்றாங்க."

அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. வண்டி வருவதைப் பார்த்தது வரைக்கும்தான் தெரியுமாம். உள்ளே யார் என்று வெயிலில் தெரியவில்லையாம். கையை விடுவித்துக்கொள்ள நான் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கவே பிடிக்கவில்லை. நேராக வீட்டுக்கு வரவில்லை.

7 மார்ச், வெள்ளி

இன்று வசந்தாமணியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். என்னிடம் கேட்காமல் போயிருக்கிறாள். பெண்களுக்குக் காலை வகுப்பு எடுப்பது அவள்தான், அதனால் அவளிடம் விசாரிக்க வேண்டுமாம்.

விஷயம் இதுதான். விபத்து நடந்த அன்று எஸ்.ஐ. வண்டிக்குள் படம் எடுத்து வைத்திருக்கிறாள். டிரைவர் சீட் கடைசி வரை பின்னால் தள்ளி இருக்கிறது. நான் ஆறடி. தாட்சாயணி ஐந்தடிகூட இல்லை. அந்த சீட்டில் உட்கார்ந்தால் அவள் கால் கிளட்சுக்கு எட்டாது. படத்தைக் காட்டி, உங்கள் மாணவிகள் இப்படித்தான் உட்காருவார்களா என்று கேட்டிருக்கிறாள்.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். மூன்று வாரத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் இது:

"எட்டாதுங்கன்னு சொன்னேன். உள்ளதைத்தானே சொல்ல முடியும்."

இருபத்து மூன்று வருடம் என் சோற்றைத் தின்றவள் என்று கத்தினேன். சோறு ஆக்கினது யாருங்க என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் தட்டைத் தள்ளிவிட்டேன். தள்ளினேன், எறியவில்லை.

வக்கீலுக்குப் போன் செய்தேன். மோதிய வேகத்தில் சீட் பின்னால் நழுவியிருக்கும், பழைய வண்டி, மெக்கானிக் ஒருவரைச் சொல்ல வைக்கலாம் என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அதற்குத்தான் அவரைப் பிடித்தேன்.

20 மார்ச், வியாழன்

யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

கிடா விருந்தில் இரண்டு ரவுண்டு இல்லை. எண்ணவில்லை. வண்டியில் ஏறியதும் தாட்சாயணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா மாஸ்டர் என்று கேட்டாள். புதன்கிழமை டெஸ்ட், இன்னொரு நாள் எங்கிருந்து வரும் என்று விரட்டினேன். பாரியூர் தாண்டும் வரை அவள்தான் ஓட்டினாள். நன்றாகவே ஓட்டினாள். அதுதான் எரிச்சல். நான் பிரேக்கில் கால் வைக்க வேலையே வரவில்லை. ஏதாவது குறை சொல்ல வேண்டுமே என்று, இந்த வேகத்தில் போனால் கல்லூரிப் பிள்ளைகள் பரீட்சை முடிந்துதான் போய்ச் சேருவார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஓரமாக நிறுத்தச் சொன்னேன். வண்டி எப்படி ஓட்டுவது என்று பார் அம்மிணி என்று சொல்லி ஸ்டியரிங்கை நான் வாங்கினேன்.

வாய்க்கால் ரோடு ஒரு வளைவும் இல்லாதது. மாரப்பன் தன் ஓரத்தில்தான் வந்தார். அவரை நான் பார்த்தேன். பார்த்தது கால் வரை போய்ச் சேரவில்லை.

பால் தார் ரோட்டில் ஓடியது. தாட்சாயணி கதவைத் திறந்து அவரிடம் ஓடினாள். தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். நான் அவளைத் தோளைப் பிடித்து இழுத்து வந்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். "நீ பொம்பளை, கத்துக்கறவ. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. எனக்கு எல்லாமே போயிரும்." இதைத்தான் சொன்னேன். மாஸ்டர் சொன்னால் செய்து பழகியவள், அப்படியே உட்கார்ந்தாள்.

அடிபட்டவர் ரோட்டில் தனியாகக் கிடந்த நேரம் அது. இரண்டு நிமிடம் இருக்கும்.

எழுதியாகிவிட்டது. இதனால் ஒன்றும் மாறப் போவதில்லை.

2 ஏப்ரல், புதன்

மதியம் தாட்சாயணி ஆபீசுக்கு வந்தாள். நான் தனியாக இருந்தேன். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

கல்லூரியில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆள் மீது மோதிய கேஸ் இருக்கும்போது பிள்ளைகள் போகும் வேனை எப்படித் தருவது என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். கேஸ் முடியட்டும், அப்புறம் வேறு எங்காவது கேட்கிறேன் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கேசைப் பத்திப் பேச வரலீங்க மாஸ்டர். பதினோரு கிளாஸ் நான் எப்படி ஓட்டுனேன், அதை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. உள்ளபடி எழுதுங்க, போதும்."

நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

பிறகு லெட்டர்பேடை எடுத்து உட்கார்ந்தேன். சுமாராக எழுதிக் கொடுத்தால் என் வழக்குக்கும் நல்லது, வக்கீல் கைதட்டுவார். பேனாவைத் திறந்ததும் கை வேறு மாதிரி போனது. கிளட்ச் விடுவதில் அவசரம் இல்லை. கண்ணாடி பார்க்காமல் ஒரு தடவைகூட வளைத்ததில்லை. சைக்கிளைத் தாண்டும்போது நான் சொல்லாமலே ஒரு கஜம் இடம் விடுகிறாள். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி ஒரு சாண்கூடப் பின்னால் வந்ததில்லை. இருபத்தாறு வருடத்தில் இப்படி ஐந்தாறு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். அதில் மூன்று பேர் இப்போது பஸ் ஓட்டுகிறார்கள்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். இப்படி ஓட்டுகிறவள் பட்டப் பகலில், வளைவில்லாத ரோட்டில், ஓரமாக வந்த சைக்கிள் மீது மோதினாள் என்று சொன்னால் டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் சிரிப்பார். என்னைப் பற்றி எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லிவிடுவேன் போலிருக்கிறது. ஓட்டுவதைப் பற்றி வரவில்லை.

கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன்.

3 ஏப்ரல், வியாழன்

அவள் வாங்கிக்கொண்டு போனாள். வாசலில் நின்று முழுவதும் படித்தாள்.

சாயங்காலம் வக்கீலிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். நம் கேசுக்கு நீங்களே குழி வெட்டிக் கொடுத்துவிட்டீர்கள் அண்ணா, இதை வாங்கத்தான் அவள் வந்திருக்கிறாள் என்றார். இருக்கலாம். அவள் நல்ல டிரைவர், எப்போது எங்கே திருப்ப வேண்டும் என்று தெரிந்தவள். அந்தப் பேப்பர் குடிபோதையில் எழுதியது என்று சொல்லிவிடலாமா என்று வக்கீல் யோசித்தார். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அதை எழுதும்போது நான் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம். அவருடைய குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

4 ஏப்ரல், வெள்ளி

காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. அம்மாவிடம், நான்தான் ஓட்டினேன், இடம் மாற்றி உட்கார வைத்ததும் நான்தான் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொன்னார். யாராவது மிரட்டினார்களா, இப்போது எதற்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"என் ஸ்கூல்ல படிச்சவ அந்த ரோட்ல ஒரு ஆளை மோதுனான்னு பதிவாகறது எனக்கு அவமானமுங்க."

"வேற காரணம் இல்லையா சார்?" என்றார். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். இந்தத் தடவை எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்.

வீட்டுக்கு வந்து வசந்தாமணியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சரி என்றாள். அதற்கு மேல் என்னவோ சொல்வாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

23 ஜூன், திங்கள்

இன்று தீர்ப்பு. வாதாட ஒன்றும் இல்லை என்று ஈஸ்வரமூர்த்தி கடைசி வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். குடித்துவிட்டு ஓட்டியது, கவனக்குறைவாக ஓட்டிப் பலத்த காயம் உண்டாக்கியது, போலீசுக்குப் பொய்யான தகவல் கொடுத்தது. மூன்றையும் படித்தார்கள். நீதிபதி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஆமாங்கய்யா என்றேன். குரல் வெளியே வரவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னார். அபராதம். மாரப்பனுக்கு இழப்பீடு. ஆறு மாதத்துக்கு வண்டி ஓட்டத் தடை. அதோடு கோர்ட் கலையும் வரை சிறை.

அப்படி ஒரு சிறை இருப்பது எனக்குத் தெரியாது. கோர்ட்டுக்குள்ளேயே சுவரோரமாக ஒரு பெஞ்சு. நீதிபதி எழுந்து போகும் வரை அதில் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து அடிக்கடி கொட்டாவி விட்டார். ஆட்டைத் திருடியவர், அண்ணன் மண்டையை உடைத்தவர், ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண் என்று வரிசையாக வந்தார்கள், போனார்கள். என்னிடம் படித்தவர்கள் மூன்று பேர் அந்தக் கோர்ட்டுக்குள் வந்தார்கள். ஒருவன், மாஸ்டர் நீங்க இங்க எங்கே என்று கேட்டபடி பக்கத்தில் வந்தான். போலீஸ்காரர் கையைக் காட்டி அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார். அப்போது அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆறு மாதம் உள்ளே போட்டிருந்தால்கூட இதைப் பார்க்க வேண்டியிருந்திருக்காது.

பன்னிரண்டரைக்கு மேல் கை நடுங்க ஆரம்பித்தது. மேலே ஃபேன் வேகமாகச் சுற்றியது, அதனால் இருக்கும். தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டேன்.

வசந்தாமணி கடைசி வரிசையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். வரச் சொல்லவில்லை, வந்திருந்தாள். மதியம் போலீஸ்காரரிடம் கேட்டுவிட்டு டிபன் பாக்சைக் கொடுத்தாள். தயிர்ச் சோறு. கை நடுங்கியதால் பாதி மடியில் விழுந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

ஐந்து நாற்பதுக்கு நீதிபதி எழுந்தார். எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். ஒரு பதிவேட்டில் பெயர், தகப்பனார் பெயர், தொழில் கேட்டு எழுதினார்கள். தொழில் என்றதும் டிரைவிங் மாஸ்டர் என்றேன். எழுதியவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதினார்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். வசந்தாமணி நாலடி முன்னால் நடந்தாள்.

24 ஜூன், செவ்வாய்

வெளியே போகவில்லை.

30 ஜூன், திங்கள்

போனேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

ஸ்கூல் லைசென்ஸை ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்துவிட்டது. போர்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். வசந்தாமணி சத்தியமங்கலம் ரோட்டில் இருக்கும் இன்னொரு ஸ்கூலில் வகுப்பு எடுக்கப் போகிறாள். எனக்கு எதிரியாக இருந்தவனுடைய ஸ்கூல். காலை ஆறு மணிக்குப் போய் ஒன்பதுக்கு வருகிறாள். இன்றைக்கு அவளுக்கு லீவு.

பத்து மணிக்குத் தாட்சாயணி வந்தாள். எல்.எல்.ஆர். காலாவதி ஆகிவிட்டது, புதிதாகப் போட்டுக்கொண்டு வேறு இடத்தில் டெஸ்டுக்குப் போகிறாளாம். அவளுடைய போட்டோ, ஆதார் நகல், வயதுச் சான்று என் பீரோவில் இருந்தன. தேடி எடுத்துக் கொடுத்தேன். கல்லூரி வேனை ஏப்ரலிலேயே யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மறுபடி மில்லுக்குத்தான் போகிறாள். எஃப்.ஐ.ஆரில் இருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்ற கடிதம் போன மாதம் வந்ததாம். அதை ஒவ்வொரு இடத்திலும் காட்ட வேண்டியிருக்கிறதாம்.

பேப்பர்களை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டாள். கிளம்பப் போனாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நியூஸ் பேப்பர்ல என் பேரைப் போட்டுட்டாங்க, பாத்தியா அம்மிணி? உன் பேரு எங்கியும் வரல. கோர்ட்ல நாள் முழுக்க உக்காந்திருந்தேன், தெரியுமல்ல?"

இரு, என்னைப் பாராட்டு என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். அது பொய்யில்லை.

அவள் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"உங்க கேசை ரெண்டு மாசம் நான் சொமந்தேனுங்க மாஸ்டர். என் தோள்ல வெச்சது நீங்க. எடுத்துக்கிட்டதும் நீங்க. அதுக்கு நான் நன்றி சொல்லோணுங்களா?"

கேள்வியாகத்தான் கேட்டாள். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நிற்கவும் செய்தாள். எனக்கு மனதுக்குள் எவ்வளவோ வந்தது. பதினோரு வகுப்பும் நான் சொல்லிக் கொடுத்தது என்று வந்தது. வியாபாரமே போய்விட்டது என்று வந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

வேண்டாம் அம்மிணி, சொல்ல வேண்டியதில்லை என்று நான் சொல்லி முடித்தபோது அவள் தெருமுனை தாண்டியிருந்தாள். யார்கிட்டப் பேசறீங்க என்று உள்ளே இருந்து வசந்தாமணி கேட்டாள்.